எரியாத காட்டுக்கு யார் பணம் கட்டுவது?



2012 நவம்பர் 6ஆம் தேதி ஒபாமா இரண்டாம் முறையாக அமெரிக்க அதிபர் தேர்தலில் வென்றார். அதே நாளில், அரிசோனா மாநிலத்தில் உள்ள ஃப்ளாக்ஸ்டாஃப் என்ற ஊரின் வாக்காளர்கள் இன்னொரு கேள்விக்கும் பதில் சொன்னார்கள். நகராட்சி 1 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிடலாமா, கூடாதா? அந்தப் பணத்தில் பள்ளிக்கூடமோ பாலமோ கட்டப்போவதில்லை. ஊருக்கு மேலே மலையில் நிற்கும் மரங்களில் ஒரு பகுதியை வெட்டப்போகிறார்கள். அந்த மலை நகராட்சிக்குச் சொந்தமும் இல்லை. அது மத்திய அரசின் கோகோனினோ தேசியக் காடு. அடுத்தவர் நிலத்தில் மரம் வெட்டுவதற்குக் கடன் வாங்கி, அதைத் தங்கள் சொத்து வரியில் அடைக்கச் சம்மதமா என்று மக்களைக் கேட்டார்கள். ஏறக்குறைய 74 சதவீதம் பேர் சம்மதம் என்றார்கள்.

புதிய வரி என்றாலே சண்டைக்கு நிற்கும் நாடு அது. காட்டில் கோடரி விழுந்தால் வழக்குப் போடும் நாடும் அதுதான். அங்கே ஒரு நடுத்தர ஊர், மரம் வெட்டுவதற்காக விரும்பி வரி கட்ட முன்வந்தது எப்படி? இன்றைய பேச்சு முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றியே இருக்கும். காட்டுத்தீயைப் பற்றிப் பேசும்போது நாம் வெப்பநிலை, காற்று, வறட்சி என்று பேசுகிறோம். அவை எல்லாம் உண்மை. ஆனால் தீ வருமுன் காட்டைக் கலைத்து வைப்பதற்கு யார் செலவு செய்வது, அந்தச் செலவு யாருக்கு லாபம் என்ற கணக்கு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

கலைப்பது என்ற சொல் உழவர்களுக்குப் பழக்கமானது. கம்பு நெருக்கமாக முளைத்துவிட்டால் நடுநடுவே பிடுங்கி எறிவோமே, அதுதான். நிற்கும் பயிருக்கு மண்ணும் நீரும் வெளிச்சமும் கிடைக்கும். காட்டிலும் செய்வது இதையே. சின்ன மரங்களை எடுத்துவிட்டுப் பெரிய மரங்களை இடைவெளியோடு நிற்க விடுவது. ஒரே வித்தியாசம், கம்பங்கொல்லையில் ஒரு காலை நேரத்தில் முடிகிற வேலை இங்கே ஏக்கருக்கு நூற்றுக்கணக்கான, சில இடங்களில் ஆயிரக்கணக்கான டாலரைத் தின்றுவிடும்.

காடு ஏன் நெருக்கமானது? ஃப்ளாக்ஸ்டாஃப் கடல்மட்டத்திலிருந்து சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. சுற்றிலும் பாண்டரோசா பைன் காடு. இந்த மரம் நெருப்போடு வாழப் பழகியது. பட்டை தடிமனாக இருக்கும். வளர வளரக் கீழ்க்கிளைகளை உதிர்த்துவிடும். கோடை மின்னலில் பற்றும் தீ தரையோடு ஓடிப் புல்லையும் சருகையும் சின்னக் கன்றுகளையும் எரித்துவிட்டுப் போகும். பெரிய மரத்தின் அடியில் ஒரு தழும்பு மட்டும் மிஞ்சும். அந்தத் தழும்புகள் ஆண்டு வளையங்களில் பதிந்திருக்கின்றன. வளையங்களை எண்ணிக் காலத்தைக் கணிக்கும் துறையே இந்த ஊர் மரங்களிலிருந்துதான் தொடங்கியது. ஏ. இ. டக்ளஸ் என்ற வானியலாளர், சூரியனின் போக்குக்கும் மர வளர்ச்சிக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்க இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே மரத்துண்டுகளைச் சேகரித்தார். அவர் வழியில் வந்தவர்கள் படித்துச் சொன்னது இது: 2 முதல் 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை தீ வந்து போய்க்கொண்டிருந்தது. 1880களை ஒட்டித் தழும்புகள் நின்றுபோகின்றன.

அப்போது என்ன நடந்தது? ரயில் வந்தது. ரயிலோடு ஆடும் மாடும் ஆயிரக்கணக்கில் வந்தன. தீயைத் தரையோடு நடத்திச் சென்ற புல் அவற்றின் வயிற்றுக்குள் போயிற்று. பிறகு 1910இல் வடக்கே ஐடஹோ, மான்டானா பகுதியில் இரண்டே நாளில் 30 லட்சம் ஏக்கர் எரிந்து, 80க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். தொடங்கி ஐந்தே ஆண்டு ஆகியிருந்த அமெரிக்க வனத்துறைக்கு அந்தத் தீ ஒரு தலைமுறைப் பயத்தைக் கொடுத்தது. எங்கே தீ பற்றினாலும் மறுநாள் காலை 10 மணிக்குள் அணைத்துவிட வேண்டும் என்று 1935இல் விதி போட்டார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த விதி இருந்தது. நடுவில் 1919இல் நல்ல விதையும் நல்ல ஈரமும் ஒன்றாக வாய்த்து, வடக்கு அரிசோனா முழுக்கக் கன்றுகள் கோடிக்கணக்கில் முளைத்தன. பழைய காலமாக இருந்தால் அடுத்தடுத்த தீயில் பெரும்பாலானவை போயிருக்கும். இப்போது எல்லாம் பிழைத்தன. ஏக்கருக்குச் சில பத்து மரம் நின்ற இடத்தில் பல நூறு மரம். நூறு வயதாகியும் கையளவு தடிமனைத் தாண்டாத மரங்கள் அங்கே உண்டு.

இந்தச் சின்ன மரங்கள்தான் தரைத்தீயை உச்சிக்கு ஏற்றுகின்றன. உச்சியில் பிடித்த தீ மரத்துக்கு மரம் தாவும்; பெரிய மரத்தையும் கொல்லும். அதன் முன் தீயணைப்பு வீரர்களை நிறுத்த முடியாது. அணைத்து அணைத்துச் சேமித்த விறகு என்றுதான் இதைச் சொல்ல வேண்டும். இதில் பருவநிலை மாற்றத்துக்கும் பெரிய பங்கு உண்டு. பனி சீக்கிரம் உருகுகிறது, கோடை நீள்கிறது. ஆனால் வெப்பத்தை ஒரு நகராட்சியால் குறைக்க முடியாது. மரத்தின் எண்ணிக்கையைக் குறைக்க முடியும்.

இனி அந்த வாக்கெடுப்புக்குக் காரணமான தீக்கு வருகிறேன். 2010 ஜூனில் யாரோ அணைக்காமல் விட்டுப்போன முகாம் நெருப்பிலிருந்து ஷுல்ட்ஸ் தீ தொடங்கியது. ஊருக்கு வடக்கே சான் ஃபிரான்சிஸ்கோ சிகரங்களின் கிழக்குச் சரிவில் சுமார் 15,000 ஏக்கர் எரிந்தது. அமெரிக்க மேற்கில் இது பெரிய தீயே அல்ல. ஒரு வீடுகூட எரியவில்லை. செய்திகள் அத்தோடு அடுத்த தீக்கு நகர்ந்துவிட்டன.

அடுத்த மாதம் மழைக்காலம் தொடங்கியது. பைன் பிசின் எரிந்து மண்ணில் படிந்தால், மண் தண்ணீரை உறிஞ்சாமல் வழுக்கி விட்டுவிடும். மலையில் பெய்த மழை சாம்பலையும் பாறையையும் இழுத்துக்கொண்டு கீழே இருந்த குடியிருப்புகளுக்குள் பாய்ந்தது. ஒரு சிறுமி வெள்ளத்தில் இறந்தாள். மலையிலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாய்ப்பாதை சிதைந்தது. தீயில் தப்பிய வீடுகள் சேற்றில் மூழ்கின. மூழ்காத வீடுகளும் விலை போகவில்லை.

ஃப்ளாக்ஸ்டாஃபில் இருக்கும் வடக்கு அரிசோனா பல்கலைக்கழகத்தினர் இந்த ஒரு தீக்கு முழுக் கணக்குப் போட்டார்கள். தீயணைப்பு, வெள்ளத் தடுப்பு, வீட்டு மதிப்பு இழப்பு, காப்பீடு, வாழிடம் என்று எல்லாவற்றையும் கூட்டினார்கள். 13.3 கோடி முதல் 14.7 கோடி டாலர் வரை வந்தது. தீயை அணைக்கச் செலவானது இதில் சிறு பகுதிதான். நமக்கு நாளிதழில் கிடைக்கும் எண் எப்போதும் அந்தச் சிறு பகுதி. மீதிப் பணம் பேரூர், மாவட்டம், காப்பீட்டு நிறுவனம், வீட்டுக்காரர் என்று ஆளுக்கொரு பேரேட்டில் சிதறிக் கிடப்பதால், அதை யாரும் ஒரே தாளில் பார்ப்பதில்லை. ஷுல்ட்ஸ் வெள்ளத்தை நேரில் பார்த்த ஊரோ விழித்துக்கொண்டது. ட்ரை லேக் ஹில்ஸ் என்ற மலை நேராக ஊருக்கு மேலேயே இருக்கிறது. மார்மன் மலையின் நீர், நகரம் குடிக்கும் லேக் மேரி ஏரிக்கு வருகிறது. இந்த இரண்டில் ஷுல்ட்ஸ் போல ஒன்று நடந்தால் என்ன ஆகும் என்று பிறகு கணித்தபோது, இழப்பு 50 கோடி டாலரைத் தாண்டும் என்று தெரிந்தது. அதற்கு எதிரே 1 கோடி. வாக்காளர்களுக்குப் பொருளாதாரப் பாடம் தேவைப்படவில்லை.

ஆனால் இதைக் கேட்டு, ஆஹா, ஒன்று போட்டால் ஐம்பது வரும் தொழில் என்று நீங்கள் நினைத்தால் அவசரப்படுகிறீர்கள். அவ்வளவு லாபமான வேலை என்றால் யாராவது முதலாளி ஏற்கெனவே செய்திருப்பாரே? செய்யவும் வந்தார்கள். அந்தக் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

வடக்கு அரிசோனாவில் நான்கு தேசியக் காடுகள் தொடர்ச்சியாக இருக்கின்றன. கைபாப், கோகோனினோ, அப்பாச்சி-சிட்கிரீவ்ஸ், டோன்டோ. அவற்றில் 24 லட்சம் ஏக்கரைச் சீரமைப்பதென்று நான்கு காடுகள் மீட்புத் திட்டம் வந்தது. அதைச் சாதித்தது ஒரு சமாதானம். 1990களில் மரம் வெட்டுவோரும் சூழலியலாளர்களும் நீதிமன்றத்தில்தான் சந்தித்துக்கொண்டார்கள். புள்ளி ஆந்தையைக் காக்கத் தொடுத்த வழக்கில் அரிசோனா, நியூ மெக்சிகோ தேசியக் காடுகளில் மரம் வெட்டுவது ஓராண்டுக்கு மேல் முடங்கிக் கிடந்தது. 2002இல் ரோடியோ-செடிஸ்கி தீ 4.6 லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தபிறகு இரு தரப்பும் ஒரே மேசைக்கு வந்தன. 16 அங்குல விட்டத்துக்குக் கீழ் உள்ள மரங்களை எடுங்கள், பெரிய கிழமரங்களைத் தொடாதீர்கள் என்பது அந்த மேசையில் திரண்ட பொதுக்கருத்து. விதிவிலக்குகள் குறித்து இன்றும் சண்டை உண்டு. சாரம் இதுதான்.

சூழலுக்கு இது சரியான ஒப்பந்தம். சந்தைக்கு? மர வியாபாரத்தில் காசு பெரிய மரத்தில் இருக்கிறது. ஒரு பெரிய அடிமரம் அறுவை ஆலைக்குப் போனால் அகலமான பலகை கிடைக்கும். கையளவு பைனை அறுத்தால் மரத்தூள்தான் அதிகம். வெட்டும் எந்திரத்துக்கோ, ஓட்டுநருக்கோ, லாரிக்கோ மரம் சின்னது என்று கூலி குறையாது. ஒரு டன் மரத்துக்கு நூறு முறை குனிய வேண்டியிருந்தால் செலவு கூடத்தான் செய்யும். அப்படி எடுத்த மரத்திலும் ஏறக்குறைய பாதி எடை கிளை, நுனி, இலை. இதற்கு ஆலையில் வேலையே இல்லை. பச்சை மரத்தின் எடையில் பாதி தண்ணீர். லாரி வாடகை கொடுத்துத் தண்ணீரை மலையிலிருந்து இறக்கி வர வேண்டும்.

வாங்குவதற்கு ஆலை இருந்தாலாவது பரவாயில்லை. ஃப்ளாக்ஸ்டாஃபின் பெரிய அறுவை ஆலை 1990களிலேயே மூடிவிட்டது. ஸ்னோஃப்ளேக் என்ற ஊரில் ஒரு காகித ஆலை இருந்தது. முன்பு அது மரக்கூழ் செய்தது. பிறகு பழைய காகிதத்திலிருந்து செய்தித்தாள் தயாரிக்க மாறியது. செய்தித்தாள் படிப்பவர்கள் குறைந்தார்கள், 2012இல் அதுவும் மூடப்பட்டது. அதே 2012இல்தான் வனத்துறை 3 லட்சம் ஏக்கரைப் பத்தாண்டில் கலைக்கும் ஒப்பந்தத்தை மான்டானாவிலிருந்து வந்த ஒரு நிறுவனத்திடம் கொடுத்தது. அரசு பெரிதாகப் பணம் தரத் தேவையில்லை, மரத்தை விற்றே அவர்கள் செலவை ஈடுகட்டிக்கொள்வார்கள் என்பது கணக்கு. அந்த நிறுவனத்துக்கு ஆலை கட்டவே முதல் திரளவில்லை. அடுத்த ஆண்டே ஒப்பந்தம் கைமாறியது. கைமாறியும் வேலை நகரவில்லை. பத்தாண்டு முடியும்போது இலக்கின் சிறு பங்குதான் நடந்திருந்தது.

மிஞ்சிய கிளையையும் நுனியையும் எரித்து மின்சாரம் எடுக்க ஸ்னோஃப்ளேக் அருகில் ஒரு சிறு மின்நிலையம் உண்டு. அதன் மின்சாரம் சூரிய மின்சாரத்தைவிட விலை அதிகம். மின் நிறுவனங்கள் இன்னும் கொஞ்சம் மர மின்சாரம் வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் வருமா என்று 2019இல் எல்லோரும் மாநில மின் ஆணையத்தைப் பார்த்துக் காத்திருந்தார்கள். மக்களின் மின் கட்டணம் ஏறும் என்று ஆணையம் மறுத்துவிட்டது. ஆணையத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காடு காப்பாற்றப்படுவதன் பயன் மலையடிவாரத்துக்கு, கட்டணம் மட்டும் ஃபீனிக்ஸில் குளிரூட்டி போட்டுக்கொள்பவருக்கு என்றால் அவர் கேட்கத்தானே செய்வார். 2021இல், 6 லட்சம் ஏக்கருக்கும் மேல் அடங்கும் அடுத்த பெரிய ஒப்பந்தத்துக்கான அழைப்பை வனத்துறையே ரத்துசெய்தது. கழிவு மரத்தை என்ன செய்வது, அந்த இழப்பை யார் சுமப்பது என்பதற்கு விடை கிடைக்கவில்லை என்பது அதன் மையக் காரணம்.

இந்த இடத்தில் ஒரு குறுக்குவழி எப்போதும் வந்து நிற்கும். கொஞ்சம் பெரிய மரங்களையும் சேர்த்து வெட்ட விடுங்கள், சின்ன மரத்தின் செலவு அதில் வந்துவிடும் என்பார்கள். கேட்க நியாயமாகத் தோன்றும். ஆனால் தீயைத் தாங்கக்கூடியவை பெரிய மரங்கள்தான். தீயைத் தாங்கும் மரத்தை விற்று, தீயை வளர்க்கும் மரத்தை அகற்றுவது வீட்டுக் கதவை விற்றுப் பூட்டு வாங்குகிற வியாபாரம். காட்டைக் காக்கும் செலவை அந்தக் காட்டின் மரமே கொடுத்துவிடும் என்று சொல்லி வரும் எந்தத் திட்டத்தையும், வாஷிங்டனில் எந்தக் கட்சி ஆண்டாலும், நான் சந்தேகத்தோடுதான் படிக்கிறேன்.

சரி, மரத்தில் காசு இல்லை, அரசு கொடுக்கட்டும். அரசு ஏன் கொடுக்கவில்லை? 1995இல் அமெரிக்க வனத்துறையின் ஆண்டுச் செலவில் தீக்குப் போனது 16 சதவீதம். 2015இல் பாதியைத் தாண்டியது. தீ எரியும்போது நிதி தீர்ந்துவிட்டால், கலைப்பு உள்ளிட்ட மற்ற வேலைகளுக்கு ஒதுக்கிய பணத்தை எடுத்து அணைப்பார்கள். அடுத்த ஆண்டு கலைக்காத காடு எரியும். மறுபடி அதே பணம் எடுக்கப்படும். இப்படி ஒரு வட்டம் இருபது ஆண்டுகள் சுற்றியது. 2018இல் நாடாளுமன்றம் பெருந்தீக்குத் தனி நிதி ஒதுக்கும் சட்டத்தைக் கொண்டுவந்து, 2020 நிதியாண்டு முதல் இதை ஓரளவு நிறுத்தியது. எரிகிற தீக்கு எந்த உறுப்பினரும் பணம் மறுக்க மாட்டார். தொலைக்காட்சியில் விமானம் சிவப்புக் கரைசல் தூவுவதைக் காட்டுவார்கள். வராமல் போன தீயின் முன் நின்று நாடா வெட்ட முடியாது.

இதுவரை நான் கலைப்புக்கு ஆதரவாகவே பேசி வந்திருக்கிறேன். எதிர்த் தரப்பில் பலமான வாதம் ஒன்று உண்டு. அதை அலட்சியம் செய்பவர்கள் காட்டையும் அறியாதவர்கள், கணக்கையும் அறியாதவர்கள். அமெரிக்காவில் 1999 முதல் 2013 வரை கலைப்பு போன்ற எரிபொருள் குறைப்பு நடந்த கூட்டாட்சி நிலங்களை ஆய்ந்தபோது, அவற்றில் 7 சதவீதத்துக்கும் குறைவான துண்டுகளைத்தான் பின்னர் ஏதாவது ஒரு தீ வந்து தொட்டிருந்தது. மீதிப் பெரும்பகுதி அந்தக் காலத்துக்குள் தீயைச் சந்திக்கவே இல்லை. கலைத்த காடு என்றென்றும் அப்படியே இருக்காது. பத்து, இருபது ஆண்டில் புதுக்கன்று முளைத்து வந்துவிடும். ஆக, ஏக்கருக்கு ஆயிரம் டாலர் செலவழித்து, தீ வருவதற்குள் பலன் காலாவதியாகிப்போவதுதான் பெரும்பாலான ஏக்கரின் கதை. ஷுல்ட்ஸ் கணக்கை எடுத்துக்கொண்டு மேற்கு முழுவதும் பெருக்கினால் தப்பு வருவது இங்கேதான். அங்கே தீ வந்த இடத்தின் இழப்பைக் கணக்கிட்டோம். கலைப்பதோ தீ எங்கே வரும் என்று தெரியாமல்.

வீடுகளைப் பற்றியும் ஒரு சொல். ஜாக் கோஹன் என்ற வனத்துறை ஆய்வாளர் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தது, வீடு எரிவதா இல்லையா என்பதை வீடும் அதைச் சுற்றிய நூறு அடி, இருநூறு அடியும்தான் தீர்மானிக்கின்றன என்பது. கூரையில் சருகு, சுவரோரம் விறகு, மரப்பலகைக் கூரை இவை போதும். தீப்பொறி மைல் கணக்கில் பறந்து வரும். 2021 டிசம்பரில் கொலராடோவில் மார்ஷல் தீ ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளை எரித்தது. அது புல்வெளித் தீ. அங்கே கலைப்பதற்கு மரமே இல்லை. வீட்டைக் காப்பதுதான் நோக்கம் என்றால், மலைமேல் செலவிடும் டாலரைக் கூரைக்குச் செலவிடுவது மேல்.

அப்படியானால் கலைப்பு எங்கே கட்டுபடியாகும்? தீ வந்தால் இழப்பு மிக அதிகம், அந்த இழப்பைச் சுமப்பவர் யார் என்று தெரியும், அவரிடம் பணமும் இருக்கிறது என்கிற இடத்தில். பெரும்பாலும் அது தண்ணீர். டென்வர் நகரம் இதை வலித்துக் கற்றது. 1996இல் பஃபலோ கிரீக் தீ, 2002இல் ஹேமன் தீ. இரண்டுக்கும் பிறகு மலைமண் நகரத்தின் நீர்த்தேக்கத்துக்குள் இறங்கியது. தூர் வாரவும் சரிவுகளைச் சீர்செய்யவும் டென்வர் குடிநீர் வாரியம் 2.7 கோடி டாலருக்கு மேல் செலவழித்தது. 2010இல் வாரியமும் வனத்துறையும் ஆளுக்குப் பாதி போட்டு 3.3 கோடி டாலர் திட்டம் ஒன்றைத் தொடங்கின. காட்டில் தொடங்கிக் குழாயில் முடிவது என்று அதற்குப் பெயரிட்டார்கள். தண்ணீர் கட்டணம் செலுத்தும் டென்வர்வாசி, தான் போயிராத காட்டுக்குச் செலவு கொடுக்கிறார்.

கலிபோர்னியாவில் இன்னொரு வழி. 2018இல் டாஹோ தேசியக் காட்டில், யூபா ஆற்றின் நீர்ப்பிடிப்பில் 15,000 ஏக்கருக்குக் காட்டுப் பத்திரம் என்று 40 லட்சம் டாலர் திரட்டினார்கள். அறக்கட்டளைகளும் ஒரு காப்பீட்டு நிறுவனமும் முன்பணம் போட்டன. வேலை நடக்க நடக்க, யூபா நீர் வாரியமும் மாநில அரசும் தவணையாகத் திருப்பிக் கொடுப்பது ஏற்பாடு. நிதிச் சந்தையின் புதுமை என்று இதைக் கொண்டாடுபவர்கள் உண்டு. எனக்கு அதில் பெரிய மயக்கம் இல்லை. பத்திரம் பணத்தை முன்கூட்டித் தருகிறது, அவ்வளவே. கடைசியில் கொடுப்பவர் தண்ணீர்க்காரரும் வரி கட்டுபவரும்தான். ஆனால் பல ஆண்டு இழுக்கும் வேலையை விரைவாக முடிக்க அது உதவும் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

மரம் வெட்டியதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. வெட்டிப்போட்ட கிளைகளைத் தரையில் விட்டால் அதுவே தீக்குத் தீனி. வெட்டியபின், நல்ல நாள் பார்த்து, ஈரமும் காற்றும் பார்த்து, வேண்டுமென்றே தரைத்தீ வைக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடியும். இதற்கு ஆகும் செலவு எந்திரக் கலைப்பைவிட மிகக் குறைவு. 2021இல் ஆரிகனில் பூட்லெக் தீ 4 லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தபோது, சைகன் சதுப்பு நிலத்தை ஒட்டி, வெட்டியும் எரித்தும் வைத்திருந்த இடத்தில் தீ உச்சியிலிருந்து தரைக்கு இறங்கியது. 2011இல் அரிசோனாவின் வாலோ தீ, அல்பைன் என்ற சிற்றூரை நெருங்கியபோதும் கலைத்த பகுதியில் அப்படியே இறங்கி, தீயணைப்பவர்களுக்கு நிற்க இடம் கொடுத்தது.

இந்த மலிவான மருந்துக்கு ஒரு வால் உண்டு. 2022 ஏப்ரலில் நியூ மெக்சிகோவில் வனத்துறை வைத்த தீ காற்றில் கைமீறியது. குளிர்காலத்தில் எரித்த கிளைக்குவியல் ஒன்றில் மூன்று மாதம் கனன்று கிடந்த நெருப்பும் அதோடு சேர்ந்தது. 3.4 லட்சம் ஏக்கர் எரிந்தது. அந்த மாநிலத்தின் வரலாற்றிலேயே பெரிய தீ அரசு வைத்த தீயாயிற்று. இழப்பீட்டுக்கு அந்த ஆண்டு நாடாளுமன்றம் ஒதுக்கியது ஏறத்தாழ 400 கோடி டாலர். நூறு தீயில் தொண்ணூற்றொன்பது சரியாக முடிந்தாலும், ஒன்று தவறினால் கையெழுத்துப் போட்ட அதிகாரியின் வேலை போகும். வைக்காமல் விட்ட தீயால் பத்தாண்டு கழித்துக் காடு எரிந்தால் யாருடைய வேலையும் போகாது. அதிகாரி எதைத் தேர்ந்தெடுப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஃப்ளாக்ஸ்டாஃப் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சரிவில் சாதாரண எந்திரம் ஏறாது. வேலை மெதுவாகத்தான் நடந்தது. 2019 ஜூலையில் ட்ரை லேக் ஹில்ஸில் தீ பிடித்தது. பிடித்த விதம்தான் கொடுமை. அந்தக் கலைப்பு வேலைக்கு வந்த கனரக எந்திரத்தின் இரும்பு பாறையில் உரசித் தீப்பொறி பறந்தது. சுமார் 2,000 ஏக்கர் எரிந்தது. 2021 மழைக்காலத்தில் அந்தத் தழும்பிலிருந்து வெள்ளம் ஊரின் தெருக்களுக்குள் வந்தது. எந்த வெள்ளத்தைத் தடுக்கக் கடன் வாங்கினார்களோ அதே வெள்ளம். 2022இல் டனல் தீ, பைப்லைன் தீ என்று வடக்கே இன்னும் இரண்டு. ஆயினும் ஊர் திட்டத்தைக் கைவிடவில்லை. கடன் பத்திரம் ஒருமுறைப் பணம், காடோ ஆண்டுதோறும் வளர்கிறது என்று புரிந்துகொண்டு, தண்ணீர் கட்டணத்தோடு ஒரு சிறு தொகையைச் சேர்த்து வாங்கத் தொடங்கினார்கள். 2012 வாக்கெடுப்பைவிட எனக்கு இந்தச் சிறு கட்டணம்தான் பெரிய சேதி.

நம் ஊருக்கு இதில் என்ன என்ற கேள்வி முன்வரிசையில் சிலர் முகத்தில் தெரிகிறது. பாண்டரோசா பைன் பாடத்தை மேற்குத் தொடர்ச்சி மலையில் அப்படியே நட முடியாது. 2018 மார்ச்சில் குரங்கணியில் 23 பேரைப் பலிகொண்ட தீ புல் சரிவில் ஓடிய தீ. அங்கே மரம் கலைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் வேண்டாத மரத்துக்கு வாங்குபவர் யார் என்ற கணக்கு நம்மிடமும் இருக்கிறது. முதுமலையில் பரவிய மஞ்சக்கொன்னையை அகற்றி, கரூர் மாவட்டத்து அரசு காகித ஆலைக்குக் கூழாக்கக் கொடுக்கும் ஏற்பாட்டை மாநில அரசு செய்தது. நோக்கம் அயல்மரத்தை ஒழிப்பது, தீ அல்ல. ஆலை என்று ஒரு வாங்குபவர் இருப்பதால் அந்த மரம் நகர்கிறது. அதே காட்டில் உண்ணிச்செடி எத்தனையோ மடங்கு அதிகம். கோடையில் காய்ந்து தீயைப் பிடித்துக்கொள்வதும் அதுதான். நாற்காலி செய்யும் சிலரைத் தவிர அதற்கு வாங்குபவர் இல்லை. எனவே அது நிற்கிறது. ஸ்னோஃப்ளேக் காகித ஆலை மூடாமல் இருந்திருந்தால், பழையபடி மரக்கூழ் செய்துகொண்டிருந்தால், அரிசோனாவின் கதை கொஞ்சம் மாறியிருக்கும் என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான்.

அமெரிக்க வனத்துறை 2022 ஜனவரியில் பத்தாண்டுத் திட்டம் ஒன்றை அறிவித்தது. வழக்கமான வேலைக்கு மேலாக, தேசியக் காடுகளில் 2 கோடி ஏக்கர் வரையும், பிற நிலங்களில் 3 கோடி ஏக்கர் வரையும் கலைப்பும் எரிப்பும் செய்வது இலக்கு. ஏக்கருக்கு ஆயிரம் டாலர் என்று குத்துமதிப்பாகப் பெருக்கினாலே 5,000 கோடி டாலர். முதலீடாக 2021 உள்கட்டமைப்புச் சட்டத்தில் கிடைத்தது ஐந்தாண்டுப் பணம். ஐந்தாண்டில் வெட்டிய காடு பதினைந்தாம் ஆண்டில் மறுபடி நெருங்கி நிற்கும்போது, அதற்கான வரி எங்கேயும் எழுதப்படவில்லை.

என் தீர்ப்பைக் கேட்டால், 5 கோடி ஏக்கரும் தேவையில்லை. குடிநீர் வரும் மலைச்சரிவுகளையும் ஊரை ஒட்டிய காட்டையும் முதலில் எடுத்துக்கொண்டு, அங்கே வெட்டி, எரித்து, மறுபடி எரிக்க நிரந்தரப் பணம் ஒதுக்க வேண்டும். அந்தப் பணம் தண்ணீர் கட்டணத்திலிருந்தும் காப்பீட்டிலிருந்தும் வர வேண்டும். மரம் விற்ற காசை நம்பி ஒரு ரூபாய்க்கும் திட்டம் போடக் கூடாது. ஆளில்லாத உள்காட்டில் மின்னலில் பிடிக்கும் தீயை, காலநிலை சாதகமாக இருக்கும்போது, எரிய விட்டுவிடலாம். அந்த ஏக்கரைக் கலைக்க அதைவிட மலிவான ஆள் கிடைக்க மாட்டார்.